நம் கொலுவுக்கு ஒரு சரக்குப் பெட்டி

போன வருஷம் நவராத்திரிக்கு நம் கிளப் ஹவுஸில் வைத்த கொலுவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படிகளுக்குக் கீழே பூங்கா, தெப்பக்குளம், கடைத்தெரு. அவற்றைச் சுற்றி ஒரு பொம்மை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இணையத்தில் வாங்கியது. முன்னால் புகைபோக்கி வைத்த இன்ஜின், பின்னால் நான்கு சரக்குப் பெட்டிகள். ஒன்றில் மஞ்சள் எழுத்தில் ஏதோ அமெரிக்க ரயில்வேயின் பெயர். இன்னொன்றில் அந்த ரயில்வேயின் நூற்றாண்டு விழா முத்திரை. சுண்டல் வாங்க வந்த ஒரு சிறுமி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "தாத்தா, இந்த டிரெயின் நம்ம விழுப்புரம் வழியா போச்சா?"

போகவில்லை என்றேன். "அப்போ எது போச்சு?" என்று அடுத்த கேள்வி. அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. நாற்பது வருஷம் முன்பு இதே ஊரிலும் திண்டிவனத்திலும் சரக்குப் பெட்டிகளின் எண்களைத் தினமும் லெட்ஜரில் எழுதியவன் நான். அந்தப் பெட்டி எப்படி இருந்தது என்று ஒரு குழந்தைக்குச் சொல்ல வரவில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். இந்த வருஷம் நாமே ஒரு பெட்டி செய்து வைக்கலாம், நம் ஊர் ரயிலின் நினைவாக இருக்கட்டும், அதன் வடிவத்தை நீங்களே யோசித்து எழுதுங்கள் என்று செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார். இந்தக் கட்டுரை அதன் விளைவு. தச்சரிடம் கொடுக்கும் முன் நீங்களும் பார்த்துவிட்டால் நல்லது.

நினைவுப் பெட்டி செய்வது அமெரிக்காவில் பெரிய பொழுதுபோக்கு. ஒரு ஊருக்கு நூறு வயது, ஒரு கம்பெனிக்கு ஐம்பது வயது என்றால் மாதிரி ரயில் செய்யும் நிறுவனங்கள் பழைய பாணியில் ஒரு பெட்டியை அச்சடித்து விற்கும். அந்தப் பெட்டி நிஜத்தில் எந்தத் தண்டவாளத்திலும் ஓடியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. இந்தத் தொழிலின் தொடக்கத்திலேயே சரக்குப் பெட்டிதான் இருக்கிறது என்பது வேடிக்கை. 1900ஐ ஒட்டி நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் என்பவர், அடியில் மோட்டார் வைத்த திறந்த சரக்குப் பெட்டி ஒன்றைச் செய்தார். பொம்மையாக விற்க அல்ல. கடைக்காரர்கள் தங்கள் பொருளை அதில் வைத்து, கண்ணாடி ஜன்னலுக்குள் சுற்றவிட்டு, தெருவில் போகிறவர்களை இழுப்பதற்காக. வந்தவர்கள் பொருளை விட்டுவிட்டு வண்டியைக் கேட்டார்கள். லயனல் கம்பெனி அப்படித்தான் ரயில் பொம்மைக் கம்பெனி ஆனது.

நாம் செய்யப்போவதும் காட்சிப் பெட்டிதான். ஆனால் நிஜத்தில் இங்கே ஓடியதைப் போல இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். சுற்றிலும் பூங்கொடி வரைந்து, நடுவில் சங்கத்தின் முத்திரையும் "நினைவுப் பரிசு" என்ற தங்க எழுத்தும் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிறுமியின் கேள்விக்கு அது பதில் ஆகாது.

முதலில் தண்டவாளம். இப்போது விழுப்புரத்தில் எல்லாமே பிராட் கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1,676 மில்லிமீட்டர். நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தெரிந்த விழுப்புரம் வேறு. அது மீட்டர் கேஜ். சரியாக 1,000 மில்லிமீட்டர்.

1870-ல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் ஆட்சியில், செலவைக் குறைக்க இனிப் பல பாதைகளைக் குறுகலாகப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். இந்தியா சீக்கிரமே மீட்டர், கிலோ அளவுகளுக்கு மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பில் அந்த அகலத்தை ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். நாடு மீட்டருக்கு மாறியது 1950களின் இறுதியில்தான். அதுவரை அடியும் அங்குலமும் பேசிய தேசத்தில் ரயில் மட்டும் மீட்டரில் ஓடியது.

1874-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவானது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ஏற்கெனவே அகலப் பாதையாகப் போட்டிருந்ததைக்கூட அடுத்த ஆண்டே மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே போகும் பாதை அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் வந்தது. அதே ஆண்டுகள்தான் தாது வருஷப் பஞ்சமும். 1876 முதல் 1878 வரை. நம் ஊருக்கு முதன்முதலில் சரக்குப் பெட்டி வந்த காலம் ஊரே பட்டினி கிடந்த காலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் "அந்தக் காலத்து அழகு" என்று பேச வேண்டும்.

1879 டிசம்பரில் விழுப்புரம்–புதுச்சேரி கிளை திறந்தது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று போகும், நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான சின்னப் பாதை. இந்தப் பக்கம் வெள்ளைக்காரன், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன். புதுச்சேரி ரயில்வே என்று தனிக் கம்பெனி. வண்டிகளை ஓட்டியதோ தென்னிந்திய ரயில்வே. 1891-ல் திருவண்ணாமலை, வேலூர் பக்கம் பாதை போனது. 1920களின் இறுதியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதை வந்தது. ஐந்து திசையிலும் பாதை பிரியும் ஜங்ஷன் அப்படி உருவானது. இந்த ஊர் வளர்ந்ததே ரயிலால்தான் என்று பெரியவர்கள் சொல்வதில் மிகை இல்லை.

வரும் 2029 டிசம்பரில் புதுச்சேரிக் கிளைக்கு 150 வயது. நம் பெட்டியை அதன் நினைவாகச் செய்வோம் என்பது என் முதல் யோசனை. இப்போதே செய்து வைத்தால், அந்த வருஷக் கொலுவில் அது பழைய பெட்டி ஆகியிருக்கும். அதுவும் பொருத்தம்தான்.

அடுத்தது அளவு. மாதிரி ரயில் செய்கிறவர்கள் உலகம் முழுவதும் அதிகம் பயன்படுத்துவது 1:87. அந்த அளவில் மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் அகலம் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். கொலுவில் வைத்தால் மரப்பாச்சியின் சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. சரக்கு ஏற்றும் ஆள் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. குழந்தைகள் மிதித்துவிடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஒரு சந்தோஷமான விஷயம் கிடைத்தது. ஜெர்மனியில் 1968-ல் எல்ஜிபி என்ற பெயரில் தோட்டத்தில் ஓடவிடும் பெரிய மாதிரி ரயிலைக் கொண்டுவந்தார்கள். தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர், அளவு 1:22.5. ஆயிரத்தை 22.5-ஆல் வகுத்துப் பாருங்கள். 44.4 வரும். அதாவது அவர்கள் மனதில் இருந்தது அவர்கள் மலைப்பகுதிகளில் ஓடிய மீட்டர் கேஜ் வண்டிகள். உலகத்தில் எத்தனையோ வீட்டுத் தோட்டங்களில் சுற்றும் தண்டவாளம், கணக்குப்படி நம் பழைய விழுப்புரம் தண்டவாளம்! அந்தத் தண்டவாளம் விலைக்குக் கிடைக்கிறது. அதன் மிகச் சிறிய வளைவில் வட்டம் போட்டால் குறுக்களவு சுமார் 1.2 மீட்டர். கிளப் ஹவுஸில் தாராளமாக அடங்கும். ஐந்தரை அடி ஆள் அந்த அளவில் ஏழரை சென்டிமீட்டர் உயரம். பண்ருட்டிப் பொம்மைகளோடு நின்றால் உறுத்தாது.

இப்போது பெட்டி. எங்கள் பிளாக்கிலேயே ஓய்வு பெற்ற கார்டு ஒருவர் இருக்கிறார். மீட்டர் கேஜ் கூட்ஸில் வருஷக்கணக்கில் கடைசிப் பெட்டியில் கொடியோடு உட்கார்ந்தவர். நான் வரைந்த முதல் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "சார், இது பிராட் கேஜ் வண்டி. ரெண்டு பஃபர் போட்டிருக்கீங்களே!" என்றார். பெட்டியின் முகத்தில் இரண்டு ஓரத்திலும் வட்டத் தட்டு போல நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் பஃபர். பழைய பிராட் கேஜ் பெட்டிகளுக்கு அது இரண்டு. மீட்டர் கேஜுக்கு நடுவில் ஒன்றே ஒன்று. இடிப்பதும் அதுதான், இணைப்பதும் அதுதான். அதன் மேலே ஒரு கொக்கி விழுந்து அடுத்த பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். கடையில் விற்கும் பொம்மைகளிலும் சினிமா செட்டுகளிலும் தவறாமல் தப்பாகப் போகும் இடம் இதுதான் என்றார். ஆக, நம் பெட்டிக்கு ஒற்றை மூக்கு.

எட்டுச் சக்கரப் பெட்டியாகவே செய்வோம். அதற்கு எம்.பி.சி. என்று பெயர். எம் என்றால் மீட்டர் கேஜ், பி என்றால் போகி, சி என்றால் மூடிய பெட்டி. நான்கு சக்கரப் பெட்டிகளும் நிறைய ஓடின. ஆனால் நம் சின்ன வட்டத்தில் போகி வைத்த பெட்டிதான் சுகமாகத் திரும்பும். மேலே லேசாக வளைந்த கூரை. பக்கவாட்டில் இரட்டைக் கதவு. உடம்பு முழுக்க ரிவெட் புள்ளிகள். தச்சர் இதைத் தேக்கில் செய்து பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்கிறார். அன்போடுதான் சொல்கிறார், ஆனால் வேண்டாம். காவியும் செங்கல்லும் கலந்தது போன்ற அந்தச் சரக்குப் பெட்டிச் சிவப்புத்தான் அடிக்க வேண்டும். அதன் மேல் கொஞ்சம் தூசியும் படிந்திருந்தால் இன்னும் நல்லது. 1951-ல் தென்னிந்திய ரயில்வேயும் மதராஸ்–தென் மராட்டா ரயில்வேயும் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. அதற்குப் பின் வந்த பெட்டி போல எழுத்துகள் வெள்ளையில் இருக்கட்டும். கம்பெனிக் காலத்துப் பெட்டி இன்னும் "வின்டேஜ்" ஆயிற்றே என்று கேட்கலாம். அதை நம்மில் யாரும் பார்த்ததில்லை. இதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறோம். தப்பு இருந்தால் திருத்துவார்கள்.

இழுப்பதற்கு எந்த இன்ஜின்? நீராவி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரக்குக்கென்றே ஒய்.ஜி. என்ற நீராவி இன்ஜின் மீட்டர் கேஜில் இருந்தது, தப்பில்லை. ஆனால் விழுப்புரத்துக்கு மட்டும் ஒரு பெருமை உண்டு. 1960களில் தாம்பரம்–விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதையை 25 கிலோவோல்ட் மின்பாதை ஆக்கினார்கள். இந்தியாவில் அப்படி மின்மயமான மீட்டர் கேஜ் பிரதான பாதை இது ஒன்றுதான். ஜப்பானில் செய்த ஒய்.ஏ.எம்.-1 என்ற 20 மின்சார இன்ஜின்கள் இதற்காகவே வந்தன. பயணி வண்டியையும் இழுத்தன, கூட்ஸையும் இழுத்தன. வடக்கே பல பெரிய ஊர்களில் கரி வண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் திண்டிவனம் ஸ்டேஷனில் மின்சார வண்டி நின்றது. பாதை அகலமானதும் அந்த 20 இன்ஜின்களுக்கும் போக இடமில்லை. வேறு எந்த மீட்டர் கேஜ் பாதையிலும் மேலே அந்த மின்கம்பி கிடையாதே.

இன்ஜின் அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும். பெட்டிக்கே வருகிறேன். வெறும் பெட்டி யாருக்கு வேண்டும்? உள்ளே என்ன போனது?

நம் பக்கத்தில் இதற்கு ஒரே பதில். மணிலா. படித்தவர்கள் நிலக்கடலை என்பார்கள், சென்னைக்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள், நம் கிராமத்தில் மல்லாட்டை. மணிலாக்கொட்டைதான் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. தென்னமெரிக்காவிலிருந்து உலகம் சுற்றி வந்த இந்தப் பயிர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காடு மாவட்டத்தின் மானாவாரி நிலத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணம் புதுச்சேரித் துறைமுகம். பிரான்ஸின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும் நம் மணிலாவைக் கப்பல் கப்பலாக வாங்கின. புதுச்சேரிக் கிளைக்குச் சரக்கு கிடைத்த வழி அதுதான். சின்னபாபுசமுத்திரத்தில் ஏறிய மூட்டை கடைசியில் மத்தியதரைக் கடலோரத்தில் சோப்பு ஆனது.

திண்டிவனத்துக்கு இதில் இன்னொரு பங்கு. அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை ரகத்தை வெளியிட்டது. குடியாத்தம் கொத்து என்ற நம் பக்கத்து ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்தது. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும்கூடத் தலைமுறை தலைமுறையாக இதைப் பயிரிட்டார்கள். டி.எம்.வி. என்றால் திண்டிவனம். ரயில்வேயில் திண்டிவனம் ஸ்டேஷனின் குறியீட்டு எழுத்தும் அதே டி.எம்.வி. விழுப்புரத்துக்கு வி.எம். எங்கோ ராயலசீமையில் ஒரு விவசாயி விதை மூட்டையில் படிக்கும் மூன்று எழுத்தும், நம் ஸ்டேஷன் மாஸ்டர் எழுதும் மூன்று எழுத்தும் ஒன்றே. நம் பெட்டியின் கதவருகே ஒரு சின்னக் காகிதச் சீட்டு ஒட்டப் போகிறேன். அந்தக் காலத்தில் எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி ஒட்டுவார்கள். டி.எம்.வி. என்று அதில் இருந்தால் போதும், ஸ்டேஷனும் சரக்கும் ஒரே சீட்டில் வந்துவிடும். மூட்டைகளை வில்லியனூர் சுடுமண்ணிலோ திருக்கனூர் காகிதக் கூழிலோ செய்து வாங்கலாம். இரண்டும் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில்கள், இரண்டும் நமக்கு அக்கம்பக்கம்.

இவ்வளவும் யாரும் புத்தகம் பார்த்துச் சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்த சரக்குப் பெட்டி வேறு. அது ஒரு காகிதம்.

1980களின் தொடக்கத்தில் நான் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது என்னை உட்கார வைத்தது பில்ஸ் செக்ஷனில். இந்தத் தலைமுறைக்கு அது என்னவென்றே தெரியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். திண்டிவனத்து வியாபாரி வடக்கே ஒருவருக்குச் சரக்கு அனுப்புகிறார். பெட்டியில் ஏற்றியதும் ரயில்வே அவருக்கு ஒரு ரசீது தரும். ரயில்வே ரசீது. நாங்கள் ஆர்.ஆர். என்போம். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி அந்தக் காகிதம் வெறும் ரசீது அல்ல, சரக்கின் மீதான உரிமைப் பத்திரம். அதை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவருக்கே சரக்கு. வியாபாரி அதன் முதுகில் கையெழுத்துப் போட்டு வங்கியிடம் கொடுப்பார். வங்கி அதன் மேல் பணம் கொடுக்கும். பிறகு அந்த ஊர்க் கிளைக்குத் தபாலில் அனுப்பும். வாங்குபவர் அங்கே பணம் கட்டி ரசீதை எடுத்துக்கொண்டு கூட்ஸ் ஷெட்டுக்குப் போவார். முன்பின் பார்க்காத இரண்டு பேர், ஆயிரம் மைல் தூரம், நடுவில் இந்த ஒரு காகிதம். பி.காம். வகுப்பில் மூன்று மதிப்பெண் கேள்வியாகப் படித்தது அப்போதுதான் புரிந்தது. சரக்கின் விவரம் எழுதும் இடத்தில் "இருப்பதாகச் சொல்லப்படுவது" என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருக்கும். உள்ளே மணிலாதானா என்று ரயில்வே உறுதி சொல்லாது. மூட்டை இருக்கிறது, மணிலா என்று அவர் சொல்கிறார், அவ்வளவே!

அந்த ரசீதில் பெட்டியின் எண் இருக்கும். நான் அதைப் பதிவேட்டில் எழுதுவேன். ஒரு நாளைக்குப் பத்து, இருபது. ஒரு பெட்டியையும் நேரில் போய்ப் பார்த்ததில்லை.

ஒரு தடவை துவரம்பருப்பு ஏற்றிய பெட்டி ஒன்று எங்கள் ஊர் ஒரு சின்ன மளிகை வியாபாரிக்கு வந்து சேர்ந்தது. சரக்கு வந்துவிட்டது, ஆர்.ஆர். தபாலில் எங்கோ மாட்டிக்கொண்டது. இப்படி நேர்ந்தால் வாங்குபவர் பொறுப்புறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வங்கியும் அதற்கு இசைந்து கடிதம் கொடுத்தால் ரயில்வே சரக்கை விடும். அவர் பணத்தைக் கட்டிவிட்டார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். பெட்டி எண்ணில் நடுவில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்துவிட்டேன். மேனேஜர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் சைக்கிளில் கூட்ஸ் ஷெட்டுக்குப் போனார். "இந்த நம்பர் வண்டி இங்கே வரலையே" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவர் திரும்பி வந்தபோது வங்கி மூடிவிட்டது. மறுநாள் ஞாயிறு, அதற்கடுத்த நாள் பண்டிகை விடுமுறை.

பெட்டியைக் காலி செய்யாமல் நிறுத்தி வைத்தால் டெமரேஜ். இறக்கிய சரக்கை எடுக்காமல் ரயில்வே இடத்தில் விட்டால் வார்ஃபேஜ். இரண்டும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஏறும். செவ்வாய்க்கிழமை காலையில் வந்தவர் சத்தம் போடவில்லை. பழைய கடிதத்தை என் மேஜையில் வைத்தார். எண்ணைத் தொட்டுக் காட்டி, "தம்பி, இது இப்படி இல்லேன்னாங்க" என்றார். அதற்குள் அவருக்கு ஏறியிருந்த தொகை அந்தப் பருப்பில் அவருக்குக் கிடைக்கவிருந்த லாபத்தைத் தின்றிருக்கும் என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதுக் கடிதம் அடித்துக் கொடுத்தேன். அந்தத் தொகையை நான் தருகிறேன் என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவன், நன்னடத்தைக் காலம், பயம். பிறகு அவர் வேறு கிளைக்குக் கணக்கை மாற்றிக்கொண்டார்.

இப்போது சரக்குப் பெட்டிகளுக்கு 11 இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் பெட்டியின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வே, அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு, பிறகு நான்கு இலக்கம் அந்தப் பெட்டிக்கான தனி எண். கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். இரட்டை இடத்தில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றை இடத்தில் உள்ளவற்றை அதோடு கூட்டி, அடுத்த பத்தின் மடங்கு வர எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். உதாரணத்துக்கு 3106041879 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை இடத்தில் 1, 6, 4, 8, 9. கூட்டினால் 28, மூன்றால் பெருக்கினால் 84. ஒற்றை இடத்தில் 3, 0, 0, 1, 7. கூட்டினால் 11. மொத்தம் 95. நூறுக்கு ஐந்து குறைகிறது. கடைசி இலக்கம் 5. என்னைப் போல ஒருவன் 18ஐ 81 என்று அடித்தால் மொத்தம் 81 ஆகிவிடும், கடைசி இலக்கம் 9 வர வேண்டும், 5 நிற்கிறது, கம்ப்யூட்டர் உடனே கத்தும். இப்படி இடம் மாறிய தப்புகளில் பெரும்பாலானவை பிடிபடும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் அந்தக் காவல்காரன் வந்தபோது காப்பாற்ற வேண்டிய அந்த மளிகைக் கடைக்காரர் ரயிலில் இல்லை. 1980களில் ரயில்வே சில்லறைச் சரக்கையும் ஒற்றைப் பெட்டிச் சரக்கையும் கைவிட ஆரம்பித்தது. ஏற்றினால் முழு ரயிலும் ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு. ரேக் என்பார்கள். நாற்பது ஐம்பது பெட்டி நெல், உரம், சிமென்ட். நியாயமான காரணம்தான். ஒற்றைப் பெட்டியை ஒவ்வொரு யார்டிலும் கழற்றி மாட்டி, அது ஊர் போய்ச் சேர வாரக்கணக்காகும். மீட்டர் கேஜ் சரக்கு வேலூர்ப் பக்கம் காட்பாடி போன்ற இடத்தில் பிராட் கேஜுக்கு மாற வேண்டும் என்றால் ஒவ்வொரு மூட்டையையும் ஆள் தலையில் சுமந்து அடுத்த வண்டியில் போட வேண்டும். சேதம், திருட்டு, தாமதம். லாரி வாசலுக்கே வந்தது. சின்ன ஸ்டேஷன்களின் கூட்ஸ் ஷெட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. ஒரு முழு ரேக் பிடிக்க முடிந்தவருக்கு ரயில், மற்றவர்களுக்கு லாரி. 1990களில் சென்னை–விழுப்புரம்–திருச்சிப் பாதை அகலமானது. 2004-ல் புதுச்சேரிக் கிளை, 2010ஐ ஒட்டி மயிலாடுதுறையும் காட்பாடியும். மீட்டர் கேஜ் போனதற்கு வருத்தப்படுபவன் அல்ல நான். புதுச்சேரியிலிருந்து இன்று வண்டி மாறாமல் டெல்லி போகலாம். ஒரு மளிகை வியாபாரி தனக்கென்று ஒரு ரயில் பெட்டியை எடுத்துக்கொள்ள முடிந்த காலம் அதோடு சேர்ந்து போனது. நம் கொலுவில் ரயிலாக இல்லாமல் ஒற்றைப் பெட்டியாகவே நிற்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான். வட்டத் தண்டவாளம் இருக்கட்டும், பெட்டி கூட்ஸ் ஷெட் ஓரமாக நிற்கட்டும். கதவு பாதி திறந்து, ஒருவர் மூட்டையைத் தலையில் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் ஒரு சைக்கிள்.

எழுத்துகள் பாக்கி. பெட்டியின் பக்கத்தில் தெற்கு ரயில்வேயின் எழுத்து, எம்.பி.சி., எண், வெற்றுப் பெட்டியின் எடை, ஏற்றக்கூடிய எடை, கடைசியாகப் பணிமனையில் பழுது பார்த்த தேதி, மறுபடி பணிமனைக்குத் திரும்ப வேண்டிய தேதி. இவ்வளவும் உண்டு. திரும்ப வேண்டிய தேதிக்கு டிசம்பர் 2029 என்று போடலாம் என்று கார்டு சொன்னார். பெட்டிக்கு 150-ஆம் ஆண்டு வரை கெடு. மிகவும் பிடித்துப்போனது. சங்கத்தின் பெயர் வேண்டும் என்பவர்களுக்காக, அடியில் பணிமனையின் பெயர் எழுதும் இடத்தில் சின்னதாக எழுதிக்கொள்ளலாம்.

எண்தான் சிக்கல். அந்தப் பருப்புப் பெட்டியின் எண் எனக்கு நினைவில்லை. சரியாக அடித்ததும் நினைவில்லை, தப்பாக அடித்ததும் நினைவில்லை. பதிவேடுகளைக் காலம் கழிந்ததும் அழித்துவிடுவார்கள், அது விதி. நிஜ எண் மாதிரி ஒன்றை நானாகப் போடக் கை வரவில்லை. கடைசியில் 1879 என்று போடச் சொல்லிவிட்டேன். அது பாதை திறந்த ஆண்டு என்று எல்லோருக்கும் புரியும், நிஜப் பெட்டி எண் என்று யாரும் ஏமாற மாட்டார்கள்.

பெயிண்டர் போன வாரம் வந்தார். காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைக்கப் போனவரை நிறுத்தி, ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தார். இன்னொரு தடவை என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனாலும் படித்தார்.